சப்பரத் தெருவில் பதினெட்டு முட்டு

ஏணியின் நாலாவது படியில் நின்றுகொண்டு ஒரு காலி சிமெண்ட் சாக்கின் நுனியைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை.

கீழே ஏணியை இரண்டு கையாலும் பிடித்திருந்த குருவம்மா, "அக்கா, விழுந்து கிழுந்து வச்சிராதீக. திருவிழா வீடு" என்றாள்.

"நான் விழுந்தா ஒரு ஆளு. அது விழுந்தா எத்தன ஆளுன்னு உன் வீட்டுக்காரர்கிட்டக் கேளு" என்றேன்.

'அது' என்று நான் சொன்னது என் தலைக்கு மேலே இருந்த பால்கனியை. சாக்கு, சுவருக்கும் பால்கனித் தளத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. ஒரு சாண் நுனி மட்டும் வெளியே நாக்குப் போலத் தொங்கியது. சிமெண்டுத் தூசி மூக்கில் ஏறியது. தெருவில் பாதி ஊர் கூடி நின்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தது. நான் அந்தச் சாக்கு என்ன பதில் சொல்லப்போகிறது என்று காத்திருந்தேன்.

இது நடந்து சில வருசம் ஆகிறது. அப்போது எனக்கு அறுபத்தைந்து தாண்டியிருந்தது.

இதை எழுத வேண்டாம் என்று என் மகள் சொன்னாள். ஊர்ப் பெயரைப் போட்டால் சண்டை வரும் என்றாள். போடவில்லை. திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டார் இன்றைக்கும் எனக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கிறார்கள். நானும் போய்ச் சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறேன்.

இன்னொன்று. போன வாரம் இந்தப் பத்திரிகையில் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "படிக்காத அம்மாவுக்கு யார் எழுதிக் கொடுக்கிறார்கள்?" என்று கேட்டிருந்தாராம். நானேதான் எழுதுகிறேன். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டப் படித்தவள். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போய்விடும். எழுத்துப் பிழையைப் பத்திரிகைக்காரர்கள் திருத்துகிறார்கள். மற்ற எதையும் திருத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கள் சரக்கு

பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டைப் பார்த்த மாதிரி எங்கள் கடை. கடை என்றால் சாமான் விற்கிற கடை இல்லை. கான்கிரீட் போடுகிறவர்களுக்குச் சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடுகிற இடம். தகடு, பலகை, சட்டம், முட்டு.

முட்டு என்பது கீழேயிருந்து தாங்கிப் பிடிக்கிற கால். அந்தக் காலத்தில் சவுக்குக் கம்பு. இப்போது இரும்புக் குழாய், நடுவில் திருகு வைத்தது. திருகினால் உயரும், எதிர்ப்பக்கம் திருகினால் இறங்கும். கான்கிரீட் ஊற்றும்போது அது கூழ். கூழுக்குக் கால் கிடையாது. அது கல்லாகிற வரைக்கும் என் முட்டுதான் அதற்குக் கால்.

லாரி போகிற போதெல்லாம் கடையில் அடுக்கிய தகடுகள் கிணுகிணு என்று அதிரும். அந்தச் சத்தத்திலேயே முப்பது வருசத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறேன். என் முட்டு எந்த வீட்டுக்குப் போனாலும் ஊற்றுகிற அன்றைக்கும் பிரிக்கிற அன்றைக்கும் நான் போவேன். பஸ் இருந்தால் பஸ், இல்லாவிட்டால் ஷேர் ஆட்டோ. "சாமான அனுப்புனாப் போதாதா, நீங்க எதுக்குக்கா?" என்று கேட்பார்கள். என் கால் எங்கே நிற்கிறது என்று நான் பார்க்க வேண்டாமா?

முன்பக்கம் முதலில்

அந்த வீடு ராமசாமியுடையது. உரக்கடை வைத்திருக்கிறவர். வாட்டசாட்டமான ஆள். வேட்டியை மடித்துக் கட்டினால் ஊர்க் கூட்டம் தொடங்கப்போகிறது என்று அர்த்தம். அம்மன் கோயில் திருவிழாக் கமிட்டியிலும் அவர்தான் முன்னால் நிற்பார்.

பழைய வீட்டைப் பிரித்துக் கட்டினார். கூடத்து ஓடுகளை இறக்கிவிட்டு, பின்கட்டில் குடியிருந்தார்கள். மாடி அறை ஒன்று, அதற்கு முன்னால் தெருவைப் பார்த்து ஒரு பால்கனி என்று திட்டம். தெரு மேல் நீட்டலாமா என்று என்னைக் கேட்காதீர்கள். அந்தத் தெருவில் எல்லா வீடும் நீட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

முறைப்படி பின்னாலிருந்து கட்டி முன்னால் வர வேண்டும். ராமசாமிக்கு அவசரம். பங்குனிப் பொங்கலுக்குச் சப்பரம் அந்தத் தெரு வழியாகத்தான் வரும். அதற்குள் வாசல் பார்வையாக இருக்க வேண்டும். அதனால் மற்றதெல்லாம் கிடக்க, பால்கனியை முதலில் ஊற்றினார்.

வாசலில் நடை என்று ஒரு குறுகலான இடம். நாலடி அகலம். அதற்குத் தெருப்பக்கம் ஒரு சுவர், கூடத்துப் பக்கம் ஒரு சுவர். பால்கனித் தளம் இந்த இரண்டு சுவர் மேலும் படுத்து, முன் சுவரைத் தாண்டித் தெருவுக்குள் ஐந்தடி நீண்டது. பழைய சுவர் ஈரத்தைக் குடித்துவிடும் என்று சுவர்த் தலையில் காலிச் சாக்கை விரித்து, அதற்கு மேல் ஊற்றினார்கள். பின் சுவருக்கு மேலே மாடி அறையின் சுவர் எழும்ப வேண்டும்.

உள்ளே நாலடி, வெளியே ஐந்தடி. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தெருவில் ஒன்பது ஒன்பதாக இரண்டு வரிசை, பதினெட்டு முட்டு நிறுத்தினோம்.

காப்பு கட்டிய பிறகு

செங்கல் லோடு வருகிறது, வருகிறது என்றார்கள். வரவில்லை. அதற்குள் கோயிலில் காப்பு கட்டிவிட்டார்கள்.

அந்த ஊரில் காப்பு கட்டினால் எட்டு நாளைக்கு யாரும் கட்டட வேலை செய்யக் கூடாது. கொத்தனார் கரண்டியைத் தொடக் கூடாது. ஆக, பின் சுவருக்கு மேல் சுவர் எழும்பவில்லை. வானம்தான் இருந்தது.

எட்டாம் நாள் சப்பரம். நடுத்தெருவில் அம்மன் வரும். இரண்டு பக்கமும் தோள் கொடுக்கிறவர்கள் வீட்டுச் சுவரை உரசிக்கொண்டு நடப்பார்கள். அந்த இடத்தில்தான் என் முட்டுகள் நின்றன. சாமி வருகிற தெருவை மாற்ற முடியாது. முட்டுகளை எடுக்க வேண்டும் என்று ராமசாமி எனக்குப் போன் செய்தார்.

"எடுக்கக் கூடாது" என்றேன்.

"அக்கா, சாமி விசயம்."

"இது பாரத்து விசயம். நான் வாரேன்."

போனேன். கடையிலிருந்து ஒரு சங்கிலியையும் எடுத்துப் போனேன். பதினெட்டு முட்டுகளையும் கோத்துச் சங்கிலி போட்டுப் பூட்டினேன். சாவியைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகினேன். குருவம்மாவிடம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி, முட்டு வரிசைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன்.

குருவம்மா ராமசாமியின் மனைவி. வெடுக்கென்று பேசுகிறவள். என் காதோரம் குனிந்து, "நெசமாவே விழுமாக்கா?" என்றாள்.

"விழும்."

அவள் உள்ளே போய் எனக்கு ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தாள். அவ்வளவுதான். ஊரில் ஒரு ஆள் என் பக்கம் வந்தாயிற்று.

உடையாமல் விழுந்தது

எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். ஊரும் அதைத்தான் கேட்டது.

எங்கள் வீட்டுக்காரர் உயிரோடு இருந்த காலம். கடை ஆரம்பித்துச் சில வருசம்தான். சரக்கு அடுக்குகிற ஒரு கிட்டங்கியின் வாசலுக்கு அகலமான சன்ஷேடு ஊற்றினார்கள். அதற்கு மேலே சுவர் எழும்பவில்லை. கிட்டங்கிக்காரர் வீட்டில் கல்யாணம். பந்தல் போட வேண்டும், முட்டுகளை எடு என்றார். எங்கள் வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டார். எதிர்த்துப் பேசத் தெரியாத மனிதர். எங்கள் வீட்டில் அந்த வேலையை நான் ஒருத்தியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முட்டுகளைக் கழற்றி வண்டியில் ஏற்றியாயிற்று. கடைசிக் கம்பை எடுக்கக் குனிந்தார். சன்ஷேடு அவர் வலது கால் மேல் வந்தது. அதற்குப் பிறகு சாகிற வரைக்கும் நொண்டித்தான் நடந்தார்.

நான் மறுநாள் போய்ப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, அந்தத் தளத்தைப் பார்த்தேன். மூலை ஒன்று நசுங்கியிருந்தது. மற்றபடி முழுசாக இருந்தது. மேல்பக்கம் கீழே, கீழ்ப்பக்கம் மேலே. கவிழ்த்துவைத்த முறம் மாதிரி.

அங்கேதான் எனக்கு விளங்கியது. கான்கிரீட்டில் குறை இல்லை. கம்பியில் குறை இல்லை. ஒரு பொருள் உடையாமலே விழும். கெட்டியாக இருப்பது வேறு, நிற்பது வேறு.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? "அவுக முட்டு சொத்தை" என்றது. முட்டு வண்டியில் படுத்திருந்தது! விழுந்ததற்கு வண்டியில் படுத்திருந்த முட்டு எப்படிப் பொறுப்பு? இரண்டு வருசம் அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தர் கூட எங்களிடம் சாமான் எடுக்கவில்லை. அன்றைக்கு நான் ஒரு முடிவு எடுத்தேன். இனிமேல் எங்கள் முட்டு, யார் சொன்னாலும் இடத்தை விட்டு எழும்பாது. நான் சொன்னால் எழும்பும்.

படத்தில் இருக்கிறது

ராமசாமி அருப்புக்கோட்டையிலிருந்து இஞ்சினியரை வரவழைத்தார். நாற்பது வயதிருக்கும். பைக்கில் வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, மரியாதையாகத்தான் பேசினார்.

"அம்மா, இருபத்தெட்டு நாள் தாண்டிருச்சு. கான்கிரீட் முழு பலத்துக்கு வந்திருச்சு. நீண்டு நிக்கிற தளம்னு கம்பியக்கூட மேல்பக்கமாத்தான் போட்டிருக்கோம். நானே நின்னு பாத்தேன்."

"உங்க கான்கிரீட்ட நான் கொற சொல்லல தம்பி. அது ஒடயாது. கவுந்துரும்னு சொல்றேன்."

"ரெண்டு சொவத்து மேல உக்காந்திருக்கும்மா."

"முன் சொவத்துல உக்காந்திருக்கு. பின் சொவத்துல சும்மா தொட்டுக்கிட்டு இருக்கு. முட்டு எடுத்தா அந்தத் தொடுப்பும் போயிரும்."

"பின்னால மேல சொவரு வருதேம்மா. படத்துல போட்டிருக்கேன்ல."

"படத்துல இருக்கு. மேல இருக்கா?"

அவர் ராமசாமியைப் பார்த்தார். ராமசாமி வேட்டியை மடித்துக் கட்டினார்.

"சார், இதுகிட்ட என்ன பேச்சு? கையெழுத்துப் போடவே கை நடுங்கும். கான்கிரீட் தெரியுமாம்ல!"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

"சரி தம்பி. கையெழுத்து நல்லாப் போடத் தெரிஞ்சவுகள்லாம் வந்து இதுக்குக் கீழ வரிசையா நில்லுங்க. இந்தா சாவி. பூட்டத் தெறந்து முட்டுகளக் கழட்டுங்க."

சாவியை எடுத்து நீட்டினேன். யாரும் வரவில்லை. ஒரு ஆள் செருப்பைப் பார்த்தார். இன்னொருவருக்குப் போன் வந்துவிட்டது.

"ராமசாமி" என்றேன். "உங்க அய்யா பருத்தி வண்டி ஓட்டுனவர்தான? பின்னால பாரம் கூடுனா நுகத்தடி என்ன செய்யும்?"

"எந்திரிக்கும்."

"மாடு?"

"கழுத்த நெரிக்கும். அதுக்கென்ன இப்ப?"

"இங்க தெருப்பக்கம் பாரம் கூட. உள்ள நாலடி, வெளிய அஞ்சடி. முன் சொவருதான் அச்சு. பின்பக்கம் நுகத்தடி மாதிரி எந்திரிக்கும். நம்ம வண்டியவே மறந்துட்டீகளே."

"வண்டி வேற, வீடு வேற" என்றார் ராமசாமி. பிடிவாதக்காரர்.

கொத்தனார் முனியாண்டி அதுவரை தூணோடு தூணாக நின்றார். அவரிடம், "நீங்க சொல்லுங்கண்ணே" என்றேன்.

"எனக்கென்ன தெரியும்? மொதலாளி எடுன்னா எடுப்பேன், வைன்னா வைப்பேன்."

இப்படிச் சொல்கிற ஆள்கள் மேல்தான் எனக்குக் கோபம் வரும். எதிர்த்துப் பேசுகிறவனிடம் ஒன்றுக்கு ரெண்டு பேசலாம். இவர்களோடு என்ன செய்வது?

இரண்டு நூல்

"பேச்சு வேணாம். பாத்துருவோம்" என்றேன் இஞ்சினியரிடம். "அம்புட்டு முட்டுகளையும் ரெண்டு நூல் எறக்குங்க. ரெண்டே நூல்."

கட்டட வேலையில் நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. இரண்டு நூல் என்பது ஒரு பென்சில் கனம் கூட இல்லை. தளம் சாய்ந்தாலும் முட்டு உடனே ஏந்திக்கொள்ளும்.

"பின் சொவத்துல சாக்கு நுனி தொங்குது. இப்ப அத நான் இழுக்கேன். வராது. எறக்குன பின்னாடி இழுக்கேன். வரலைன்னா இந்தச் சாவிய உங்க கையில குடுத்துட்டு வீட்டுக்குப் போறேன். வந்துச்சுன்னா நான் சொல்றத ஊரு கேக்கணும்."

இஞ்சினியர் ஒரு முட்டின் திருகைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "செய்வோம்" என்றார். தெருவில் இருந்த ஆள்களை எதிர்ப் பக்கத்துக்கு விரட்டினார். அந்த மனிதரை நான் அப்போதே மதித்தேன்.

நீங்கள் முதலில் பார்த்தது அந்த இடம்தான். ஓடு இல்லாத கூடத்தில், ஏணி மேல் நான். சாக்கை இழுத்தேன், வரவில்லை. இன்னொரு தரம் உடம்பைக் கொடுத்து இழுத்தேன். இழை பிரிந்து கையில் வந்ததே ஒழிய சாக்கு அசையவில்லை.

"எறக்குங்க!" என்று சத்தம் போட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் திருகு சுற்றுகிற கிரீச்சுச் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. இஞ்சினியர் தானே ஒரு பக்கமிருந்து திருகினார், முனியாண்டி மறு பக்கமிருந்து. எண்ணிக்கொண்டே இருந்தேன். பதினாறு. பதினேழு. பதினெட்டு.

ஒன்றும் ஆகவில்லை.

தெருவில் ராமசாமி சிரிக்கிற சத்தம். "சாவிய எடுத்து வைக்கச் சொல்லு!"

உள்ளபடி எழுதுகிறேன். அப்போது எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்தது. முப்பது வருசப் பேச்சு ஒரு சாக்கில் தொங்குகிறது.

அப்புறம் 'டொக்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. பெட்டி மூடியைத் திறக்கிற மாதிரி. சுவர்த் தலையிலிருந்து காரைத் தூள் என் கண்ணில் உதிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டே இழுத்தேன்.

ஒரு முழம் வந்தது.

சாக்கு நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறந்தேன். சுவருக்கும் தளத்துக்கும் நடுவே ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் வெளிச்சம்.

"குருவம்மா, ஏறிப் பாரு" என்றேன். அவள் நான் இறங்குகிற வரைக்கும் பொறுக்கவில்லை. ஏணியின் மறு பக்கம் காலை வைத்து ஏறிவிட்டாள். பார்த்தாள். பிறகு தெருப்பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"யோவ்! ஒன் பால்கனி எந்திரிச்சிருச்சுய்யா! வந்து பாரு!"

ராமசாமி வந்து பார்த்தார். இஞ்சினியர் வந்து பார்த்தார். இஞ்சினியர் இறங்கியதும் முதல் வேலையாக வெளியே ஓடி, "ஏத்துங்க, ஏத்துங்க, அம்புட்டையும் இறுக்குங்க" என்று முனியாண்டியை விரட்டினார். தளத்தின் பின்பக்கம் திரும்பப் போய்ச் சுவரில் உட்கார்ந்தது. வெளியே வந்த சாக்கு வந்தபடியே கடிபட்டு நின்றது.

கரண்டி இல்லாமல்

விழும் என்று நிரூபித்தாயிற்று. ஆனால் சப்பரம் வரத்தான் போகிறது. நாலு நாள் இருந்தது. முட்டுகளை எடுக்காமலும் முடியாது, எடுக்கவும் முடியாது. பின்பக்கம் பாரம் வேண்டும். சுவர் கட்டக் கூடாது.

ராமசாமிக்கு ஒரு யோசனை வந்தது. "அம்பது ஆள மேல ஏத்திப் பின் சொவத்து மேல உக்கார வச்சிருவோம். ஆள் பாரம் போதும்ல?"

கூட்டத்தில் பல பேர் சரி சரி என்றார்கள். மேலேயிருந்து சாமி பார்க்கலாமே.

"ஒக்காருவாக. சப்பரம் வந்ததும் என்ன செய்வாக?"

"கும்பிடுவாக."

"எங்க நின்னு?"

அவர் அண்ணாந்து பால்கனி நுனியைப் பார்த்தார்.

"முன்னால ஓடி வருவாக. அம்பது ஆளும் நுனியில நிப்பாக. கல்லு எந்திரிச்சுக் கும்பிடாது தம்பி. கல்லக் கொண்டாங்க."

அவர் வயலில் கிணற்றை ஆழப்படுத்தியபோது தோண்டிப் போட்ட கல் கரை நிறையக் கிடந்தது. இரண்டு டிராக்டர் லோடு அடிக்கலாம் என்றேன். உடனே கோயில் பூசாரி கையை உயர்த்தினார்.

"காப்பு கட்டுன ஊருல கட்டட வேல நடக்கக் கூடாது."

"கரண்டி இருக்கா சாமி?" என்றேன்.

"இல்ல."

"காரை இருக்கா?"

"இல்ல."

"கல்ல எடுத்து மேல வைக்கிறது கட்டடமா? அப்ப நாளைக்கு உங்க கோயில் வாசல்ல பொம்பளைக மூணு கல்ல வச்சுப் பொங்க வைக்கிறாகளே, அதுவும் கட்டடந்தான. நிறுத்திருங்க."

பெண்கள் பக்கமிருந்து சிரிப்பு கிளம்பியது. பூசாரியும் சிரித்துவிட்டார். "அடுக்குங்கத்தா. பூசாதீக" என்றார்.

மறுநாள் வெயில் ஏறுமுன்னே கல் வந்தது. ஆம்பளைகள் பாதிப் பேர் கோயில் வேலை என்று நழுவிவிட்டார்கள். குருவம்மா தெருவில் இறங்கி வீடு வீடாகக் கூப்பிட்டாள். வந்த பெண்கள் பக்கத்து வீட்டு மாடிப்படியில் வரிசையாக நின்று, கைக்குக் கை கல்லை மாற்றினார்கள். தூக்க முடியாத கல்லுக்கு முனியாண்டியும் இரண்டு ஆள்களும். நான் மேலே நின்று வைக்கிற இடம் காட்டினேன்.

"சொவத்துக்கு மேல. நேரா சொவத்துக்கு மேல. முன்னால ஒரு கல்லு வச்சாலும் திருப்பி அனுப்பிருவேன்."

"என்னக்கா, ஒரு சாண் முன்னப் பின்ன போனா என்ன?" என்றாள் ஒருத்தி.

"ஒரு சாண் முன்ன வந்தா இன்னும் நாலு கல்லு கூடத் தூக்கணும். தூக்குறியா?"

"வேணாந்தாயி, அங்கயே வைக்கிறேன்."

கல்லில் கிணற்று மண் இன்னும் ஒட்டியிருந்தது. கை பட்ட இடமெல்லாம் சிலுசிலுவென்று இருந்தது. பொழுது சாய இடுப்பளவு அடுக்கிவிட்டோம். அடுத்த நாளும் ஏற்றினோம். நெஞ்சளவு. இஞ்சினியர் தினமும் வந்தார். ஒரு தாளில் என்னவோ போட்டுப் பார்த்துவிட்டு, "போதும்மா, தாராளம்" என்றார்.

"இன்னொரு வரிச" என்றேன்.

"அதான் போதும்னு கணக்கு வருதே."

"கொட்டு அடிப்பாகல்ல. அது உங்க கணக்குல இருக்கா?"

அவர் தாளை மடித்துப் பையில் வைத்தார். இன்னொரு வரிசை ஏறியது.

வெளிநுனியிலிருந்து

சப்பரத்தன்று காலையில் பூட்டைத் திறந்தேன்.

முனியாண்டி சுவரோரத்து வரிசையில் கை வைத்தார். எல்லாரும் செய்கிற தப்பு அது. கைக்கு வசதியான இடம் என்று சுவர்ப் பக்கமிருந்து ஆரம்பிப்பார்கள். அப்படி எடுத்தால் நுனியில் நிற்கிற முட்டு தளத்தை மேலே ஏந்திக்கொண்டு, நடுவிலே தொய்ய விட்டுவிடும். நீண்டு நிற்கிற தளம் அப்படிப் படுக்கப் பிறந்ததில்லை; கம்பி மேல்பக்கம் இருப்பதால் அடியில் வெடித்துவிடும்.

"வெளிய இருந்து வாங்கண்ணே. நுனி மொதல்ல. ஒரே மூச்சா எடுக்காம, எல்லாத்தையும் கொஞ்சங் கொஞ்சமா எறக்குங்க."

வெளி வரிசை ஒன்பது. பிறகு உள் வரிசை ஒன்பது. கடைசி முட்டும் இறங்கியது. பால்கனி நின்றது.

நான் கூடத்துக்குள் போய், ஏணியில் ஏறி, சாக்கை இழுத்தேன். வரவில்லை. குருவம்மாவை ஏற்றி இழுக்கச் சொன்னேன். அவள் தொங்கியே பார்த்தாள். வரவில்லை.

கல் ஏற்றிய அந்த மாடிப்படி வாயில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தேன். ஒரு ஆள் மேலே ஏறக் கூடாது.

வெயில் தணிகிற நேரத்துக்குச் சப்பரம் வந்தது. கொட்டுச் சத்தம் தெருமுனையிலேயே நெஞ்சை அடித்தது. மாலை மணமும் எண்ணெய்ப் புகையும் வந்தன. ஜனம் வழக்கம் போல ராமசாமி வீட்டு வாசலுக்கு வந்தது. வந்து, மேலே ஒரு பார்வை பார்த்தது. பால்கனிக்கு அடியில் மட்டும் ஒரு ஆளும் நிற்கவில்லை. ஐந்தடி இடம் காலியாக இருந்தது. தோள் கொடுத்து வருகிறவர்கள் அந்த இடத்தில்தான் நடக்க வேண்டும். பயந்து தோளை எடுத்துவிட்டு ஒதுங்கினால் சப்பரம் சாயும்.

நான் போய் நடுவில் நின்றேன். நுனிக்கு நேர் கீழே. சேலையைச் சொருகிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

குருவம்மா வந்து என் பக்கத்தில் நின்றாள். கல் தூக்கிய பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். கடைசியில் ராமசாமி வந்தார். வேட்டி மடிப்பை அவிழ்த்துவிட்டு, எனக்கு அந்தப் பக்கம் நின்றார். அவர் வியர்வை வாடை எனக்கு வந்தது. என்னுடையது அவருக்குப் போயிருக்கும்.

"என்ன தம்பி, கையெழுத்துப் போடுறவுகள்ல நீங்க ஒரு ஆளுதான் வந்திருக்கீக" என்றேன்.

"சும்மா இரு, அக்கா" என்றார். "மேல பாரு."

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தோள் கொடுத்தவர்கள் எங்களை உரசிக்கொண்டு நடந்தார்கள். கொட்டு எங்கள் தலைக்குப் பக்கத்திலேயே அடித்தது. தளத்தின் அடிப்பக்கம், தகடு வைத்த தடம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அந்தக் கட்டங்களில் ஒன்றிலாவது தூள் உதிர்கிறதா என்று பார்த்தேன். உதிரவில்லை. ஒரு பொட்டுக் கூட உதிரவில்லை.

கொட்டு தள்ளிப் போனது. பூவும் திருநீறும் தரையில் மிதிபட்டுக் கிடந்தன. குருவம்மா என் தோளைத் தட்டினாள்.

"அக்கா, சாமி போயிருச்சு. நீங்க கும்பிடவே இல்லயே?"

"அடுத்த வருசம் கும்பிட்டுக்கிறேன்" என்றேன். "அப்ப மேல சொவரு இருக்கும்."